நீல நிற மரத் திண்மங்கள்: மூன்று ஆண்டுப் புழக்கத்துக்குப் பின்

பொருட்களைக் கையாண்டே குழந்தைகள் கற்கும் மாண்டிசோரி முறையில் வரும் பத்து மர வடிவங்கள் கொண்ட செட் இது. 4 முதல் 8 வயதுக் குழந்தைகளின் கைகளில் மூன்று ஆண்டுகள் புழங்கியிருக்கிறது.

பத்தும் ஒரே நீலம். பார்க்க அலுப்புத் தட்டும், ஆனால் செட்டின் பலமே அதுதான். பல வண்ண செட்டில் "கையில என்ன?" என்று கேட்டால் "சிவப்பு" என்றுதான் பதில் வரும். நிறம் உதவாதபோது வடிவத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

முதல் நாளே பத்தையும் பரப்பினால் பெயர்கள் குழம்பும். கோளம், கனச்சதுரம், உருளை மூன்றும் போதும். சாய்த்து வைத்த அட்டையில் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கோளம் எப்படி வைத்தாலும் உருளும். உருளை படுத்தால்தான் உருளும். பிறகு கூம்பு: தரையில் படுக்கவைத்துத் தள்ளினால் நேரே ஓடாமல் தன் நுனியையே சுற்றி வட்டமடிக்கும். பிரமிடு அப்படிச் சுற்றாது என்பதால் இரண்டையும் மாற்றிச் சொல்வது குறையும்.

கனச்சதுரத்தைச் "சதுரம்" என்பது எல்லாக் குழந்தைகளும் செய்வது. தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு, கட்டையை எடுத்துவிடுங்கள். தாளில் இருப்பது சதுரம், கையில் இருப்பது கனச்சதுரம்.

தடுமாற்றம் விளிம்பு எண்ணுவதில்தான். கனச்சதுரத்துக்கு 12 விளிம்பு. குழந்தை 9 என்கிறது. அது எண்ணத் தெரியாததால் அல்ல: ஒரு மூலை தன்னைப் பார்க்கும்படி வைத்தால் கண்ணுக்குப் படுவது 9 விளிம்பும் 7 முனையும்தான். கையில் திருப்பித் திருப்பி எண்ணினால் 15கூட வரும். மேசையில் அசையாமல் வைத்து மேலே 4, கீழே 4, நிற்பவை 4 என்று விரலால் தடவி எண்ணலாம். எண்ணியதில் சாக்பீஸ் கோடு போடலாம். ஸ்டிக்கர் வேண்டாம், உரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வந்துவிடும்.

மறைந்த விளிம்பைக் காட்ட இந்த செட் போதாது. 10 செ.மீ. ஸ்ட்ரா 12, கோலிக்குண்டு அளவில் களிமண் உருண்டை 8 எடுத்துக் கூடு கட்டினால் பின்பக்கமும் தெரியும். கனச்சதுரக் கூடு ஒரு பக்கம் சாயும். சதுரச் சட்டம் கோணம் மாறி நசுங்கக்கூடியது, குழந்தையின் தவறல்ல. 6 ஸ்ட்ரா, 4 உருண்டையில் கட்டும் முக்கோணப் பிரமிடு அசையாமல் நிற்கும்.

குறைகள்: கூம்பின் நுனிதான் முதலில் மழுங்கியது, அடுத்து பிரமிடின் உச்சி. முட்டை வடிவமும் நீள்கோளமும் (இருபுறமும் ஒரே மாதிரி நீண்ட உருண்டை) பெரும்பாலும் பெட்டியிலேயே கிடந்தன. கோளத்தைத் தாங்கும் வளையம் தொலைந்ததும் துணியைச் சுருட்டி வைக்க வேண்டியதாயிற்று.

வாங்குவதானால் 6 செ.மீ. அகலமுள்ளதாகப் பாருங்கள். 2 செ.மீ. குட்டி செட் உள்ளங்கைக்குள் மறைந்துவிடும், விளிம்பு விரலில் தட்டாது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் இடத்தில் அதை வைக்கவே கூடாது, விழுங்கிவிடும்.