பாமினியில் அடிப்பவருக்கு எந்த லினக்ஸ்: உபுண்டுவா, சோரினா, மின்டா?

ஆரையம்பதியில் இருக்கும் என் மாமி ஓய்வுபெற்ற ஆசிரியை. பாமினி எழுத்துருவில் மாதர் சங்கக் கூட்டறிக்கை அடிக்கவும் வெளிநாட்டில் இருக்கும் பேரப்பிள்ளைகளோடு பேசவும்தான் அவருக்கு லப்டொப். வின்டோஸ் 10இன் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிந்துவிட்டது. வின்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் ப்ராசசர் என்றால் 8ஆம் தலைமுறையாவது வேண்டும். மாமியின் மெஷின் அதைவிடப் பழையது, ரம் 4 ஜிபிதான். ஆனால் ஒரு பழுதும் இல்லை. அதை எறிய எனக்கு மனம் வரவில்லை.

வின்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் இலவச சிஸ்டம்தான் லினக்ஸ். அதில் மூன்று வகையை பென்ட்ரைவில் போட்டு அவர் முன்னாலேயே ஓடவிட்டேன். நிறுவாமல் பென்ட்ரைவில் இருந்தே ஓட்டிப் பார்த்தால் உள்ளே இருக்கும் எதுவும் அழியாது.

உபுண்டு 24.04 முதலில். இறக்கவே ஏறக்குறைய 6 ஜிபி டேட்டா. மாமியின் கை பழக்கத்தில் இடது கீழ் மூலைக்குப் போனது; அழுத்தியதும் திரை முழுக்கப் படங்கள். "இதென்ன மனே, எல்லாம் எங்க போயிற்று?" என்றார். நல்ல சிஸ்டம்தான், ஆனால் புதிதாகப் பழக வேண்டும்.

சோரின் பார்வைக்கு வின்டோஸுக்கு மிகக் கிட்ட. திரையின் அமைப்பையும் விரும்பியபடி மாற்றலாம், இலவசப் பதிப்பே போதும். 8 ஜிபி ரம் இருந்திருந்தால் இதையே போட்டிருப்பேன். 4 ஜிபியில் பிரவுசரைத் திறந்ததும் இழுத்தது.

மின்ட் 22இன் எக்ஸ்எஃப்சிஇ என்ற பாரம் குறைந்த பதிப்பு ஏறக்குறைய 3 ஜிபிதான். மெனு பழைய மூலையிலேயே இருக்கிறது. மாமி கேட்காமலே ஆவணம் அடிக்கும் லிப்ரே ஒபிஸைத் திறந்தார். 2029 வரை புதுப்பிப்பும் வரும்.

உண்மையான சிக்கல் அப்புறம்தான் வந்தது, அது மூன்றுக்கும் பொது. கூட்டறிக்கையைத் திறந்தால் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை; ஆங்கில எழுத்துகள், மெய்யெழுத்தின் புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி. மாமிக்கு முகம் வாடிவிட்டது. பத்து வருட உழைப்பல்லவா! பாமினி, எல்லா மெஷினுக்கும் பொதுவான எழுத்துமுறையான யூனிகோட் அல்ல; ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் உருவைப் போர்த்திய எழுத்துரு. எழுத்துரு இல்லையென்றால் போர்வை விலகிவிடும், ஆவணத்துக்கு ஒன்றும் ஆகாது. வின்டோஸின் ஃபொன்ட்ஸ் ஃபோல்டரில் இருந்து பாமினி ஃபைலை எடுத்துப் போட்டு, லிப்ரே ஒபிஸை மூடித் திறந்தேன். புள்ளிகள் எல்லாம் எழுத்தின் தலையில் ஏறி நின்றன. அடிப்பதும் பழையபடிதான், விரல்கள் புதிதாக எதுவும் கற்க வேண்டாம். யூனிகோடில் அடிக்க விரும்புவோருக்கு ரெங்கநாதன், தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்புகள் உண்டு.

ஆகவே மாமிக்கு மின்ட். உங்கள் வீட்டில் யாருக்காவது மாற்றிக் கொடுப்பதென்றால், வின்டோஸை அழிக்கும் முன்னரே பாமினி ஃபைலைத் தனியாகக் கொப்பி எடுத்து வையுங்கள். பிரின்டரையும் பென்ட்ரைவில் இருந்து ஓடும்போதே ஒரு தாள் அடித்துப் பாருங்கள். சில பழைய லேசர் பிரின்டர்கள் லினக்ஸில் லேசில் இணங்காது. மாமியின் பிரின்டர் முதல் தாளையே சரியாகத் தந்தது. அவர் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, கடைசிவரி வரை வாசித்த பிறகுதான் "சரி, போடு" என்றார்.