யானைமலையா, அழகர்மலையா? மதுரையிலிருந்து ஒரு நாளில் ஏறி இறங்க

மதுரையில் யாரிடமாவது மலைக்குப் போகலாமா என்று கேட்டால் கொடைக்கானல் என்றுதான் சொல்வார்கள். நாலு மணி நேரம் பஸ்ஸில் போய், ஏரியைச் சுற்றிவிட்டு, திரும்ப நாலு மணி நேரம் பஸ்ஸில் வந்தால் கால் நடந்தது எவ்வளவு? காலையில் வீட்டில் காபி குடித்துவிட்டுக் கிளம்பி, ஏறி இறங்கி, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேரக்கூடிய மலைகள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. யானைமலை, சமணர்மலை, அழகர்மலை, சிறுமலை. இந்த நாலில் எது யாருக்கு என்பதுதான் இங்கே பேச்சு.

பலரும் தூரத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள். நான் நிழலைக் கேட்பேன். முதல் இரண்டும் மொட்டைப் பாறை. ஒன்பது மணிக்கு மேல் பாறை சுட ஆரம்பித்தால் உட்கார இடம் இருக்காது. பின்னது இரண்டும் காட்டு மலைகள், அங்கே பகல் முழுக்க நடக்கலாம். இதைப் பார்க்காமல் பதினோரு மணிக்கு யானைமலை அடிவாரத்தில் குழந்தைகளோடு வந்து இறங்குகிறவர்களைப் பார்த்தால் மனசு பதைக்கிறது.

யானைமலை மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் போகும் பஸ்ஸில் ஏறினால் பத்துப் பதினைந்து நிமிடம். ஒத்தக்கடையில் இறங்கி நரசிங்கத்துக்கு உள்ளே போக வேண்டும். படுத்திருக்கும் யானை போலவே இருக்கிற ஒரே பாறை அது. அடிவாரத்தில் பாறையைக் குடைந்து செய்த நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கோயிலைப் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி தொடங்கினார். அவர் முடிக்கும் முன் இறந்துவிட, தம்பி மாறன் எயினன் முடித்து வைத்தார். கல்வெட்டில் இருக்கும் கலியுக ஆண்டைக் கணக்கிட்டால் கி.பி. 770. கொஞ்ச தூரத்தில் லாடன் கோயில் என்ற முருகன் குடைவரையும் உண்டு.

ஏற்றம்தான் கஷ்டம். வழுக்குப் பாறையில் கை ஊன்றி ஏற வேண்டிய இடங்கள் இருக்கின்றன. பழக்கம் இல்லாதவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் பயம். மழை பெய்த மறுநாள் நான் போகவே மாட்டேன். ஆனால் மேலே நின்று காற்று வாங்கும்போது ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் ஊர் என்று தெரிகிற காட்சிக்கு மற்ற மூன்றும் ஈடில்லை. இந்த மலையைச் சிற்ப நகரமாக்கும் யோசனை வந்தபோது சுற்றுவட்டார மக்கள் எதிர்த்து நின்றதால்தான் இன்றைக்கும் இது முழுசாக நிற்கிறது. மேலே போகும்போது எனக்கு அந்த நன்றி வராமல் இருப்பதில்லை.

சமணர்மலை இதற்கு நேர் எதிர். தேனி ரோட்டில் நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கத்தில், கீழக்குயில்குடியில் இருக்கிறது. அடிவாரத்தில் அய்யனார் கோயில், பெரிய ஆலமரம், தாமரைக் குளம். குளம் நிறைந்து பூத்திருக்கும் காலத்தில் போனால் மலை ஏறாமலே அரை மணி நேரம் போய்விடும். பாறையில் வெட்டிய படிகளும் பிடித்துக்கொள்ளக் கம்பியும் உண்டு. பத்து வயதுப் பிள்ளை தாராளமாக ஏறும்.

கொஞ்சம் ஏறினால் பேச்சிப்பள்ளம். சுனைக்குப் பக்கத்தில் வரிசையாக எட்டுச் சமணச் சிற்பங்கள், மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி என்று. கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் யார் செய்வித்தது என்று எழுதியிருக்கிறது. அதில் ஒன்று அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி. மகன் துறவியாகப் போன பிறகு அந்தத் தாய் மலையேறி வந்து இந்த இடத்தைப் பார்த்திருப்பாரா? ஒவ்வொரு தடவையும் அந்தச் சிற்பத்துக்கு முன்னால் எனக்கு இந்த நினைப்புதான். ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆன எழுத்து இது. அதன் பக்கத்தில் சுண்ணாம்பால் காதலி பெயரை எழுதிவிட்டுப் போகிறார்கள். உங்களோடு வரும் பையன்களிடம் படியேறும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இன்னும் மேலே போனால் மாதேவிப் பெரும்பள்ளி என்ற பழைய சமணப் பள்ளியின், அதாவது துறவிகள் இருந்த இடத்தின், அடித்தளம் மட்டும் மிச்சம். இறங்கி வந்து மலையின் மறுபக்கம் சுற்றினால் செட்டிப்புடவு. அந்தக் குகைக்குள் விதானத்தை அண்ணாந்து பாருங்கள். சிங்கத்தின் மேல் ஏறி வந்த ஒரு பெண், யானை மேல் வருகிறவனோடு போர் செய்கிறாள். பலர் வாசலில் இருக்கும் பெரிய தீர்த்தங்கரரைப் பார்த்துவிட்டு இதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள்.

ஆக, உடம்புக்கு யானைமலை, கண்ணுக்கும் மனசுக்கும் சமணர்மலை. முதல் தடவை மலைக்குப் போகிறவர் எவராக இருந்தாலும் நான் சமணர்மலையைத்தான் சொல்வேன். ஆறு மணிக்கு அடிவாரத்தில் இருந்தால் ஒன்பதுக்குள் எல்லாம் பார்த்து இறங்கிவிடலாம்.

அழகர்மலை மதுரைக்கு வடக்கே 21 கிலோமீட்டர். இதை மலையேற்றம் என்று யாரும் நினைப்பதில்லை. வேனில் ஏறி பழமுதிர்ச்சோலை, ராக்காயி அம்மன் கோயில், நூபுர கங்கை என்று போய்விட்டு வந்துவிடுகிறார்கள். தயவுசெய்து ஒரு தடவை நடந்து போய்ப் பாருங்கள். அதே தார் ரோடுதான், ஆனால் இரண்டு பக்கமும் மரம் கவிந்து நிற்கும். பறவைச் சத்தமும் காட்டு வாசனையும் வேனில் போகிறவருக்குக் கிடைக்காது. மேலே நூபுர கங்கைத் தீர்த்தத்தில் தலை நனைத்தால் நடந்த களைப்பு எங்கே போனது என்று தெரியாது. இறங்கி வந்து கோயிலில் அழகர் தோசை வாங்கிச் சாப்பிட வேண்டும், நெய்யில் வெந்த தடித்த தோசை. பசியோடு நடந்து வந்தவனுக்குத்தான் அதன் ருசி தெரியும். குரங்குகள் மட்டும் தொல்லை. கையில் பாலிதீன் பை தெரியக் கூடாது.

இதே மலைத்தொடரில் கிடாரிப்பட்டி பக்கம் ஒரு குகைத்தளம் இருக்கிறது. கூட்டமே இருக்காது. அங்கே தமிழி என்ற மிகப் பழைய தமிழ் எழுத்தில் மதுரைப் பொன் கொல்லன், உப்பு வணிகன், கொழு (ஏர்முனை) வணிகன், அறுவை (துணி) வணிகன் என்று கொடை கொடுத்தவர்கள் பெயர் வெட்டியிருக்கிறது. நம் ஊர்க் கடைவீதிக்காரர்கள் அப்போதே இந்த மலை ஏறி வந்திருக்கிறார்கள்.

சிறுமலை உண்மையான மலைப்பிரதேசம். திண்டுக்கல் போய், நத்தம் ரோட்டிலிருந்து பிரிந்து 18 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். குளிர் இருக்கும், மிளகும் காபியும் மலைவாழையும் இருக்கும். சிறுமலை வாழைப்பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, வாங்காமல் இறங்காதீர்கள். அகத்தியர்புரத்திலிருந்து வெள்ளிமலை சிவன் கோயிலுக்கு ஏறுவது நல்ல செங்குத்து. ஆனால் மதுரைக்காரருக்கு நாளில் பாதி பயணத்திலேயே போய்விடும். காலை ஐந்து மணிக்குக் கிளம்ப முடியாதவர் அழகர்மலையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஒன்று மட்டும் கண்டிப்பு. கோடை தொடங்கிக் காடு காய்ந்திருக்கும் மாதங்களில் வனத்துறையிடம் கேட்காமல் எந்தக் காட்டுக்குள்ளும் ஒற்றையடிப் பாதையில் இறங்காதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் 23 பேர் இறந்ததை நாம் மறக்கக் கூடாது. கார்த்திகை கடைசியிலிருந்து தை வரை போனால் காடும் பச்சை, வெயிலும் தாங்கும்.

அரிட்டாபட்டியை ஏன் விட்டேன் என்று மேலூர்க்காரர்கள் கேட்பார்கள். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்று அறிவிக்கப்பட்ட இடம். டங்ஸ்டன் சுரங்கம் வருகிறது என்றதும் ஊரே எழுந்து நின்று காப்பாற்றிய மண். அங்கே ஏறுவதைவிடப் பார்ப்பது அதிகம். பைனாகுலரோடு ராஜாளியைத் தேடிப் போக வேண்டிய ஊர், அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி, அக்கா மகனுக்குப் பதினைந்து வயது. அவனைக் கேட்டால் எப்போதும் யானைமலைதான். போன மார்கழியில் எல்லோருமாகச் சமணர்மலைக்குப் போனோம். அப்பா ஆலமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் இறங்கி வரும்போது தாமரைக் குளக்கரையில் யாரோ ஒரு பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தார். "அதுக்குள்ள வந்துட்டீங்களா?" என்றார்.