மாதவரம் பக்கத்து நர்சரி: கோயில்காட்டு மரக்கன்று எடுப்பவர்களுக்கு

கோயில் இடத்தில் நடக் கன்று தேடுபவர்களுக்கு இங்கே மகிழம், புன்னை, இலுப்பை தாராளமாகக் கிடைக்கிறது. திருவொற்றியூர் தலமரமே மகிழம்தான், கேட்க வேண்டுமா! எண்ணூர் வரை உப்புக்காற்றுக்குப் புன்னையும் தாங்கும்.

குறை வேறிடத்தில். புதுவைக்கு வடக்கே புத்துப்பட்டு ஐயனார் காடு போன்ற உலர் பசுமைமாறாக் காடுகளின் (மழை குறைந்தாலும் ஆண்டு முழுதும் பச்சையாக நிற்பவை) உண்மையான மரங்கள் வீரை, காசான், உலக்கைப்பாலை. அவை இங்கே பெயருக்குத்தான். மெதுவாக வளர்வதால் யாரும் வாங்குவதில்லையாம். எலுமிச்சைக் குடும்பத்துக் காட்டுமரமான குருந்து என்று எலுமிச்சைக் கன்றைத் தந்துவிடுவார்கள்; குருந்தின் இலை நுனி சற்றே உள்வாங்கியிருக்கும், பார்த்து வாங்குங்கள்.

பையின் அடியைத் தடவிப் பாருங்கள். வேர் வளையமாகச் சுற்றியிருந்தால் விட்டுவிடுங்கள், பெருங்காற்றில் மரம் சாயும். நிழல்வலையில் வளர்ந்த கன்றை ஒரு வாரமாவது அரைவெயிலில் வைத்து, மழை பிடித்ததும் 2 அடிக் குழியில் நடலாம். இலுப்பை விதை வாங்கினால் உடனே ஊன்றுங்கள், வைத்திருந்தால் முளைக்காது. மரத்தடியில் சிமென்ட் மேடை மட்டும் வேண்டாம். சாமி கோபிக்காது, வேர் செத்துவிடும்.

விலை நியாயம். மகிழத்துக்குப் போகலாம், வீரைக்கு வனத்துறை நாற்றங்காலில் கேளுங்கள்.