ஆறு வருஷத்தில் மூன்று முறை கெட்ட விண்டோஸ்: பள்ளத்தூர் வீட்டுக் கணினி அனுபவம்

எங்கள் வீட்டுக் கணினி 2019-ல் காரைக்குடியில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியது. எட்டாம் தலைமுறை ஐ3, நாலு ஜிபி ராம் (தற்காலிக நினைவகம்) இரண்டு, ஒரு டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. அதற்கு இருந்த வேலை ஒன்றுதான். ஐயா, அதாவது தாத்தா, ரங்கூனில் இருந்த காலத்துக் கடிதங்களும் பேரேடுகளும் வீட்டுப் பெட்டகத்தில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. அவற்றை ஸ்கேன் செய்து வைக்க வேண்டும். அப்பச்சி, அதாவது அப்பா, பக்கத்தில் உட்கார்ந்து பழைய எழுத்தை வாசித்துச் சொல்வார்கள், நான் தட்டச்சு செய்வேன். அந்தத் தாள்களில் பல இன்னொரு முறை பிரித்தால் மடிப்போடு உடைந்துவிடும். அதனால் இந்தக் கணினி பழுதாகும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

மூன்று முறை விண்டோஸின் சிஸ்டம் ஃபைல்கள் கெட்டன. மூன்று முறையும் காரணம் வேறு. என்னென்ன செய்தேன், எது உதவியது என்பதை எழுதி வைக்கிறேன்.

முதல் முறை 2020 ஐப்பசி மழையில். அப்டேட் ஓடிக்கொண்டிருக்கிறது, அணைக்காதீர்கள் என்று திரை சொல்லிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. அப்போது யுபிஎஸ் கிடையாது. கரண்ட் வந்ததும் போட்டால் கணினி உள்ளே போனது. ஆனால் ஸ்டார்ட் மெனு திறக்கவில்லை. செட்டிங்ஸை அழுத்தினால் ஒரு நொடி வந்து மறைந்தது. சென்னையில் இருக்கும் தம்பி மகனுக்குப் போன் போட்டேன்.

“கறுப்புத் திரை வருதுல்ல, அதை அட்மினிஸ்ட்ரேட்டரா திறந்தீங்களா அயித்தை? இப்ப எஸ்எஃப்சி, ஒரு இடைவெளி, சாய்கோடு, ஸ்கேன்நவ். சேர்த்து அடிங்க.”

கறுப்புத் திரை என்றது கட்டளை அடிக்கும் கமாண்ட் ப்ராம்ப்ட். இந்த எஸ்எஃப்சி (sfc /scannow) செய்வது இதுதான்: விண்டோஸின் சொந்த ஃபைல்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, கெட்டதற்குப் பதில் நல்ல பிரதியை எடுத்து வைக்கும். அந்த நல்ல பிரதிகள் விண்டோஸ் ஃபோல்டருக்குள்ளேயே வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற இடத்தில் இருக்கின்றன. முடிவில் பெரும்பாலும் மூன்றில் ஒரு பதில் வரும்: ஒன்று, ‘ஒன்றும் கெடவில்லை’; இரண்டு, ‘கெட்டிருந்தது, சரிசெய்தேன்’; மூன்று, ‘கெட்டிருக்கிறது, சிலதைச் சரிசெய்ய முடியவில்லை’. எனக்கு வந்தது மூன்றாவது. விதைநெல் மூட்டையே உளுத்துப்போயிருந்தால் எதை எடுத்து விதைப்பது? அந்தச் சேமிப்பிடமே கெட்டிருந்தது.

அதைச் சரிசெய்யத்தான் டிஸ்ம் (DISM) கட்டளை. அதில் ரெஸ்டோர்ஹெல்த் என்று கொடுத்தால், நல்ல பிரதிகளை இணையத்திலிருந்து இறக்கி அந்தச் சேமிப்பிடத்தை நிரப்பும். போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டினேன். 62.3 சதவீதத்தில் வெகுநேரம் நின்றது. தொங்கிவிட்டது என்று மூடிவிடத் தோன்றும், மூடாதீர்கள். அரை மணி கழித்துத் தானாக நகர்ந்து முடிந்தது. அப்புறம் மறுபடி எஸ்எஃப்சி ஓட்டியதும் சரிசெய்தேன் என்றது, ஸ்டார்ட் மெனு வந்தது. அன்றிலிருந்து முதலில் டிஸ்ம், பிறகு எஸ்எஃப்சி என்ற வரிசையில்தான் செய்கிறேன்.

கரண்ட் போனால் ஏன் கெடுகிறது என்று அப்புறம் புரிந்துகொண்டேன். எழுதச் சொன்னதையெல்லாம் கணினி உடனே டிஸ்கில் எழுதிவிடுவதில்லை. கொஞ்சத்தை ராமில் வைத்திருந்து சேர்த்து எழுதும். டிஸ்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறையான என்டிஎஃப்எஸ் தன் அட்டவணையைப் பாதுகாக்கக் குறிப்பேடு வைத்திருக்கிறது, உள்ளடக்கத்துக்கு அந்தக் காவல் இல்லை. அதனால் ஃபைலின் பெயரும் அளவும் சரியாக இருந்து, உள்ளே வெறும் பூஜ்யமாக இருக்கலாம்.

யுபிஎஸ் வாங்கினேன், 600 விஏ. பத்து நிமிஷம் தாங்கும், ஒழுங்காக அணைக்க அது போதும். ஆனால் இங்கே வெயிலில் பேட்டரி இரண்டு, இரண்டரை வருஷத்தில் செத்துவிடுகிறது. இதுவரை இரண்டு முறை மாற்றிவிட்டேன். மாதம் ஒரு நாள் ப்ளக்கைப் பிடுங்கி எத்தனை நிமிஷம் நிற்கிறது என்று பார்க்கிறேன்.

யுபிஎஸ் வைக்க வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன்தான் இன்னொன்றைக் காட்டினார். கேபினட்டின் மேல் டெஸ்டரை வைத்தார், விளக்கு எரிந்தது. மழைக்காலத்தில் வெறுங்காலோடு ஆத்தங்குடிக் கல்லில் நின்று கேபினட்டைத் தொட்டால் விரல் நுனியில் சுருசுருவென்று ஓடும். இதெல்லாம் சகஜம் என்று விட்டிருந்தேன். சுவரில் மூன்று ஓட்டை இருந்தது, மூன்றாவதில் வயரே இல்லை. பழைய வீடுகளில் வயரிங் செய்த காலத்தில் விளக்குக்கும் ஃபேனுக்கும் இரண்டு வயர் இழுத்ததோடு சரி. பின்கட்டில் குழி வெட்டி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, குழாய் இறக்கி எர்த் கொடுத்தார். எங்கள் ஊர்ச் செம்புறை மண் கோடையில் காய்ந்து கிடக்கும், அதனால் அந்தக் குழியில் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஃபைல் கெட்டதற்கு இதுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எர்த் இல்லாத வீட்டில் ஸ்பைக் கார்டு வாங்கி மாட்டினாலும், மின்னலடிக்கும்போது ஏறும் மின்சாரத்தை அது மண்ணுக்குத் திருப்பிவிட வழியிருக்காது. பழைய வீட்டில் கணினி வைத்திருப்பவர்கள் முதலில் ஒரு டெஸ்டரை எடுத்துப் பாருங்கள்.

2022-ல் இரண்டாவது முறை. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கணினி அடிக்கடி உறைந்தது, எஸ்எஃப்சி சரிசெய்தது, வாரம் கழித்து மறுபடி. டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டுப் பார்த்தால் டிஸ்கில் கெட்ட செக்டார் (சிறு பகுதி) எண்ணிக்கை பூஜ்யம், தகவல் வழியில் சிதைவதைக் காட்டும் சிஆர்சி பிழை எண்ணிக்கை மட்டும் தினமும் ஏறியது. டிஸ்க் நன்றாக இருக்கிறது, டிஸ்குக்குப் போகும் வழியில் கோளாறு என்று அதற்கு அர்த்தம். டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றினேன், ஏறுவது நின்றது. டிஸ்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் கட்டளையை /r சேர்த்து ராத்திரி ஓடவிட்டுக் காலையில் பார்த்தேன். அந்தச் சாக்கில் விண்டோஸை எஸ்எஸ்டி என்ற புதுவகை டிஸ்குக்கு மாற்றிவிட்டேன்.

மூன்றாவதுதான் என்னை ஆட்டிவைத்தது. 2024 பங்குனியில் நீலத்திரை, அதாவது விண்டோஸ் திடீரென்று நின்றுபோகும்போது காட்டும் பிழைத்திரை, வர ஆரம்பித்தது. ஒரு நாள் மெமரி மேனேஜ்மென்ட் என்று எழுதி வரும், இன்னொரு நாள் வேறு பெயர். டிஸ்ம், எஸ்எஃப்சி ஓட்டினால் சரிசெய்தேன் என்று வரும். இரண்டு நாள் கழித்து ஓட்டினால் மறுபடி ஏதோ கெட்டிருக்கிறது என்று வரும். எஸ்எஃப்சி தான் கண்டதை எழுதி வைக்கும் சிபிஎஸ் லாகைத் திறந்து பார்த்தால் முன்பு கெட்டது வேறு ஃபைல், இப்போது கெட்டது வேறு ஃபைல்.

அப்பச்சியிடம் சொன்னேன். அவர்கள் கணினியைத் தொட்டதில்லை, ஆனால் கணக்குத் தெரிந்தவர்கள். “ஐந்தொகை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்துல இடிச்சா, தப்பு ஏட்டுல இல்ல. எழுதுறவனப் பாரு” என்றார்கள். ஐந்தொகை என்பது சொத்தும் கடனும் ஒத்துப்போக வேண்டிய இருப்புநிலைக் கணக்கு.

அது மனதில் தைத்தது. அது வரை ஏட்டைத்தான், அதாவது கெட்ட ஃபைல்களைத்தான், திருத்திக்கொண்டிருந்தேன். செர்ட்யூட்டில் என்று ஒரு கட்டளை விண்டோஸிலேயே இருக்கிறது. ஒரு ஃபைலுக்கு ஹாஷ் எண் எடுத்துத் தரும். ஃபைலில் ஒரு எழுத்து மாறினாலும் எண் முழுவதும் மாறிவிடும். பேரேட்டு ஸ்கேன்களைக் கட்டி வைத்திருந்த பெரிய ஜிப் ஃபைலுக்கு எண் எடுத்துக் காகிதத்தில் எழுதினேன். மறுநாள் கணினியைப் போட்டு அதே ஃபைலுக்கு எடுத்தேன். வேறு எண். நான் அதைத் திறக்கக்கூட இல்லை.

டிஸ்கிலிருந்து படிப்பதெல்லாம் ராம் வழியாகத்தான் வரும், அதனால் ராம் மேல் சந்தேகம் வந்தது. விண்டோஸில் இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக் பிழை இல்லை என்றது. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவில் ஏற்றி ராத்திரி ஓடவிட்டேன், நாலு சுற்றும் சுத்தம். விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நீலத்திரை வந்ததெல்லாம் மதியத்தில் என்பது நினைவுக்கு வந்தது. சித்திரை வெயிலில், மாடி அறையில், பகல் ஒரு மணிக்கு ஓட்டினேன். இரண்டாவது சுற்றில் சிவப்பு வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக விழுந்தன. ராமைக் கழற்றி, பொன்னிறப் பற்களை ரப்பரால் தேய்த்துத் துடைத்து மாட்டினேன். கடைக்காரர்கள் முதலில் செய்வது அதைத்தான். மாறவில்லை. ஒவ்வொன்றாகத் தனியே மாட்டி ஓட்டியதில், ஒன்று சுத்தம், மற்றதில் மட்டும் சிவப்பு. அதை எடுத்துவிட்டு எட்டு ஜிபி ஒன்று வாங்கிப் போட்டேன். அதன்பின் ஓட்டிய ஒவ்வொரு எஸ்எஃப்சியும் ஒன்றும் கெடவில்லை என்றே சொல்கிறது.

இதில் ஒன்றை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். எஸ்எஃப்சியும் டிஸ்மும் விண்டோஸின் ஃபைல்களை மட்டும்தான் பார்க்கும். நம் படங்களையும் கணக்குகளையும் அவை தொடுவதே இல்லை. கெட்ட ராம் வழியாக அந்த மாதங்களில் நான் சேமித்த ஸ்கேன்களிலும் சிலது கெட்டிருந்தன. ஒரு கடிதத்தில் மேல் பாதி தெளிவாக இருந்தது, கீழ்ப் பாதி முழுக்கச் சாம்பல் நிறப் பட்டை. வெளி டிஸ்கில் இருந்த பேக்கப்பைத் திறந்தால் அங்கேயும் அதே சாம்பல். கெட்டதைத்தான் இரண்டு இடத்தில் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. அதற்கு முன்பே பயோஸில் (கணினியின் அடிப்படை செட்டிங்ஸ்) 11-க்குத் தேவையான டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதியை ஆன் செய்து, ஃபைல்களை அப்படியே வைத்துக்கொள்ளும் வழியில் 11-க்கு மாறிவிட்டேன். இந்த முறையில் சிஸ்டம் ஃபைல்கள் மொத்தமும் புதிதாக வந்துவிடுகின்றன. எஸ்எஃப்சியும் டிஸ்மும் கைவிட்டால், ஃபார்மேட் செய்யும் முன் இதே பதிப்பை இப்படி மேலே ஏற்றிப் பார்க்கலாம். கடையில் கொடுத்தால் பெரும்பாலும் ஃபார்மேட்தான் முதல் பேச்சு.

இப்போது ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஹாஷ் எண் எடுத்து ஒரு பட்டியலில் வைக்கிறேன். பங்குனி முதல் சேமித்த 212 ஃபைல்களையும் திறந்து பார்த்ததில் 17 கெட்டிருந்தன. 16-ஐ மறுபடி ஸ்கேன் செய்தாயிற்று. அந்தச் சாம்பல் கடிதத்தைத்தான் கடைசியாக எடுத்தேன். அப்பச்சியும் நானும் வளவில், முற்றத்து வெளிச்சத்தில் உட்கார்ந்து, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்து மெதுவாகப் பிரித்தோம். மடிப்பில் கொஞ்சம் விட்டது, எழுத்து போகவில்லை. கீழ்ப் பாதியை அப்பச்சி வாசித்தார்கள். அங்கே மழை விடவில்லை, ஊரில் கண்மாய் பெருகிற்றா என்று ஐயா கேட்டிருந்தார்கள்.