பழைய அணு உலைகளுக்கு ஓசார்ட் சோதனை: என் மதிப்பீடு 5க்கு 3.5

கப்பலூர்ப் பக்கம் ஒரு பழைய நூற்பாலையில் மின் பராமரிப்பு பார்ப்பவன் என்பதால், சர்வதேச அணுசக்தி முகமை 1982 முதல் நடத்திவரும், அணுமின் நிலையங்கள் பாதுகாப்பாக இயங்குகின்றனவா என்று பார்க்கும் ஓசார்ட் சோதனையை அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். கல்பாக்கம், கூடங்குளம் கரண்ட் நம் மதுரைக்கும் வருகிறது, ஆகவே இது நமக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

ஒரு நாடு அழைத்தால், பல நாட்டு அணுமின் நிலையங்களில் பழுத்த அனுபவம் உள்ளவர்கள் குழுவாக வந்து, இரண்டு மூன்று வாரம் நிலையத்துக்குள்ளேயே இருந்து, இயக்கம், பராமரிப்பு, கதிர்வீச்சுப் பாதுகாப்பு என்று எல்லாவற்றையும் நேரில் பார்க்கிறார்கள். இந்தியாவுக்கு முதலில் வந்தது 2012இல், ராஜஸ்தானின் ராவத்பாட்டா அணுமின் நிலையத்தின் 3, 4 அலகுகளுக்கு, அதாவது உலைகளுக்கு. அவர்கள் திருத்தச் சொன்னவற்றில் தீத்தடுப்புக் கதவுகளின் பராமரிப்பும் கேபிள்களை ஒழுங்காகப் போட்டுத் தாங்கல் கொடுப்பதும் இருந்தன. இதெல்லாம் ஒரு குறையா என்று கேட்கிறவர்கள் 1993இல் உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலையத்தில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும்: டர்பைன் பிளேடு உடைந்து பிடித்த தீ கேபிள் வழியாகப் பரவி, நிலையத்துக்குள் பல மணி நேரம் மின்சாரமே இல்லாமல் போனது. தினமும் அதே கதவைத் தாண்டிப் போகிறவர் கண்ணுக்கு அது சரியாக மூடாதது தெரியாது, வெளியாள் முதல் நாளே கேட்டுவிடுவார். எங்கள் ஆலையில் இதைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, சொன்னதோடு போய்விடாமல் ஒன்று ஒன்றரை வருடம் கழித்துத் திரும்பி வந்து, என்ன செய்தீர்கள் என்று கேட்பது. ராவத்பாட்டாவுக்கும் 2014இல் வந்தார்கள்.

சரி, மதிப்பெண் ஏன் குறைந்தது? அழைக்காவிட்டால் வர முடியாது, சொன்னதைச் செய்யாவிட்டால் உலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரமும் கிடையாது. ராவத்பாட்டாவில் பார்த்த அலகுகள் 2000இல் ஓடத் தொடங்கியவை. ஆனால் அவற்றைவிடப் பழையவையும் உண்டு: மகாராஷ்டிராவில் தாராப்பூரின் முதல் இரண்டு உலைகள் 1969இலிருந்து இருக்கின்றன, கல்பாக்கம் 1980களில் வந்தது. வயதான உலைகளில் உலோகமும் கேபிள் உறையும் எப்படித் தேய்ந்திருக்கின்றன என்று பார்ப்பதற்கென்றே அந்த முகமையிடம் சால்டோ என்று தனிச் சோதனை இருக்கிறது; இந்தப் பழைய உலைகளுக்கு நம் அரசு அதைக் கேட்டு வாங்க வேண்டும். செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு 1989இல் தொடங்கிய வானோ என்ற, அணுமின் நிலையங்களை நடத்துபவர்களின் உலக அமைப்பும் சோதனை நடத்துகிறது, ஆனால் அதன் அறிக்கை வெளியே வராது. ஓசார்ட் அறிக்கை, அந்த நாடு தடுக்காவிட்டால், வெளியாகிறது. அப்புறம், உலைக்குப் பக்கத்தில் மீன்பிடித்துப் பிழைப்பவர்கள் படிக்கிற மாதிரி அது தமிழிலும் வர வேண்டும்.