தொலைந்த மீட்புப் பகுதி: மூன்று வழிகளும் என் தேர்வும்

சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள அண்ணன் வீட்டில், விண்டோஸை மறுபடியும் நிறுவ முயன்று பாதியில் நின்றுபோன மடிக்கணினி ஒன்றைச் சென்ற மாதம் பார்க்க நேர்ந்தது. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும் அண்ணன் மகள், நிறுவல் திரையில் தெரிந்த வட்டுப் பகுதிகள் (பார்ட்டிஷன்கள்) அனைத்தையும் நீக்கி, புதிய பகுதியை உருவாக்கி ஃபார்மட்டும் செய்துவிட்டாள். அதன்பின் கோப்புகளை நகலெடுக்கும் கட்டத்தில் பிழைச் செய்தி வந்து எல்லாம் நின்றுவிட்டது. "சித்தப்பா, கம்பெனி வைத்துக் கொடுத்த மீட்புப் பகுதியை மட்டும் எப்படியாவது திரும்பக் கொண்டுவர முடியுமா?" என்பதே அவளுடைய கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை தேடுமுன் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். மீட்புப் பகுதி என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் வட்டில் இருக்கின்றன. ஒன்று, விண்டோஸ் தொடங்காதபோது பழுதுபார்க்க உதவும் அதன் சொந்த மீட்புச் சூழல் குடியிருக்கும் சிறிய பகுதி. பெரும்பாலும் 500 எம்பி முதல் 1 ஜிபி வரை இருக்கும். மற்றொன்று, தயாரிப்பு நிறுவனம் தன் டிரைவர்களையும் (வன்பொருளை இயக்கும் நிரல்கள்) மென்பொருள்களையும் விண்டோஸோடு சேர்த்து வைத்திருக்கும் முழு நகலான தொழிற்சாலைப் படிமம். அது 10 ஜிபிக்கும் மேல் இடம் பிடிக்கும். எஃப்11 போன்ற ஒரு விசையை அழுத்தினால் கணினி புதிதுபோல் ஆகும் என்று பலர் நம்பியிருப்பது இந்த இரண்டாவதைத்தான்.

நீக்கிய பெரிய பகுதியை அப்படியே உயிர்ப்பிப்பது முதல் வழி. டெஸ்ட்டிஸ்க் என்னும் இலவச மென்பொருள், வட்டை முழுவதும் ஆராய்ந்து, பழைய பகுதிகளின் எல்லைகளைக் கண்டுபிடித்துப் பகுதி அட்டவணையில் மீண்டும் எழுதித் தரும். சுழலும் வன்தட்டில், நீக்கியதற்குப் பின் வேறெதுவும் எழுதப்படாமல் இருந்தால், இது முயன்று பார்க்கத் தக்கதே. ஆனால் இப்போதைய மடிக்கணினிகளில் இருப்பது சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வட்டு. எஸ்எஸ்டியில் ஒரு பகுதியை விண்டோஸ் ஃபார்மட் செய்யும்போது, அந்த இடம் முழுவதும் இனித் தேவையில்லை என்று டிரிம் கட்டளை வழியே வட்டுக்குத் தெரிவித்துவிடுகிறது. அதன்பின் எல்லைக்கோடு கிடைத்தாலும் உள்ளே இருந்த தரவு கிடைப்பதில்லை. எங்களுக்கு நேர்ந்ததும் அதுவே: பகுதியின் தடம் தெரிந்தது, ஒரு கோப்பைக்கூடத் திறக்க முடியவில்லை. தரவே பிழைத்திருந்தாலும், விசையை அழுத்தியதும் அந்தப் பகுதிக்குச் செல்ல வழிகாட்டும் துவக்கப் பதிவுகள் அழிந்திருக்கும் என்பதால், அவற்றையும் கையால் சீரமைக்க வேண்டியிருக்கும். இவ்வழியில் ஒரு முழு மாலையைச் செலவிட்ட பிறகே அதைக் கைவிட்டேன்.

இரண்டாவது வழி, தயாரிப்பு நிறுவனத்திடமிருந்தே படிமத்தைப் பெறுவது. எச்பி, டெல், லெனோவோ ஆகியவை இதற்கென்றே தனிக் கருவிகளைத் தருகின்றன. மடிக்கணினியின் அடியில் அச்சிட்டிருக்கும் தொடர் எண்ணையோ சேவை எண்ணையோ கொடுத்தால், அந்த மாதிரிக்கு உரிய படிமத்தை வேறொரு கணினியில் பதிவிறக்கி யுஎஸ்பி டிரைவில் எழுதிக்கொள்ளலாம். 32 ஜிபி டிரைவை வைத்துக்கொள்வது நல்லது. டச்பேட், கைரேகை உணரி, வைஃபை ஆகியவை முதல் நாள்போல் இயங்குவது இதன் பெரும் பயன். படிமம் பழையதாக இருக்குமாதலால் புதுப்பிப்புகளுக்குச் சில மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்பது குறை. பல ஜிபி பதிவிறக்கம் முன்பு தடையாக இருந்தது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளிலும் ஒளியிழை இணையம் சாதாரணமாகிவிட்ட சிங்கப்பூரில் அது தடையே இல்லை. ஆயினும் இக்கருவி வழக்கமாக வட்டு முழுவதையும் துடைத்துவிட்டே தொடங்கும் என்பதால், சி டிரைவில் கோப்புகள் இன்னும் உயிரோடு இருப்பவர்கள் அவற்றை நகலெடுக்காமல் இதைத் தொடவே கூடாது.

மூன்றாவது வழி, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நிறுவல் கோப்பை இறக்கி, 8 ஜிபி யுஎஸ்பி டிரைவின் துணையோடு தூய விண்டோஸை நிறுவுவது. விண்டோஸ் 8 வெளிவந்த 2012 முதல், உரிம எண் பெரும்பாலும் மடிக்கணினியின் ஃபர்ம்வேரிலேயே (வன்பொருளில் பதித்த அடிப்படை மென்பொருள்) பதிந்திருப்பதால், ஹோம் பதிப்போடு வந்த கணினியில் அதே பதிப்பை நிறுவினால் உரிமம் தானாகவே செயல்படும். ப்ரோ பதிப்பை நிறுவினால் செயல்படாது. சிறிய மீட்புப் பகுதியை நிறுவல் நிரலே உருவாக்கிவிடுகிறது, தேவையற்ற விளம்பர மென்பொருள்களும் வருவதில்லை. சிக்கல் டிரைவர்களில்தான். 11ஆம் தலைமுறை முதலான இன்டெல் கணினிகள் பலவற்றில், வட்டை நிர்வகிக்கும் இன்டெலின் விஎம்டி அமைப்புக்கான டிரைவரைத் தனியாகக் கொடுக்காவிட்டால் நிறுவல் திரையில் வட்டே தெரியாது. வைஃபை டிரைவர் இல்லாமல், இணையத் தொடர்பைக் கேட்டுத் திரை நின்றுவிடுவதும் உண்டு; கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து இணையம் கொடுத்தால் அதைக் கடந்துவிடலாம்.

கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் ஒரு கடையிடம் ஒப்படைப்பதை நான் தனி வழியாக எண்ணவில்லை, ஏனெனில் அங்கும் இவற்றில் ஒன்றைத்தான் செய்வார்கள். எந்தப் படிமம், எந்தப் பதிப்பு என்று கேட்டுவிட்டுக் கொடுப்பது போதும். உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் கற்றல் சாதனங்களில் பள்ளியின் நிர்வாக மென்பொருள் இருக்கும் என்பதால், அவற்றுக்கு இம்மூன்றும் பொருந்தா. பள்ளியிடமே கொண்டுசெல்ல வேண்டும்.

விண்டோஸ் நன்றாக இயங்கி, சிறிய பகுதி மட்டும் பழுதாகியிருப்பவர்களுக்கு இவ்வளவு பாடு வேண்டியதில்லை. 2024 ஜனவரியில் வந்த கேபி5034441 புதுப்பிப்பு, மீட்புப் பகுதியில் இடம் போதாத விண்டோஸ் 10 கணினிகளில் தோல்வியுற்றபோது, சி டிரைவிலிருந்து 250 எம்பி எடுத்து அப்பகுதியைப் பெரிதாக்கும் முறையை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. அதே முறையை இங்கும் பின்பற்றலாம்.

அண்ணன் மகளின் கணினிக்கு நான் தேர்ந்தது இரண்டாவது வழி. அவளுடைய பாடக் கோப்புகள் மேகச் சேமிப்பில் இருந்ததால் துடைப்பதில் அச்சமில்லை. நிறுவி முடித்ததும், நிர்வாகி உரிமையோடு திறந்த கட்டளைச் சாளரத்தில் ரீஏஜென்ட்சி கட்டளையைக் கொடுத்து, மீட்புச் சூழல் இயங்கும் நிலையில் இருப்பதை உறுதிசெய்தோம். வட்டைப் பூட்டிக் காக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதவைத்தேன். பெரிய பகுதி வட்டுக்குத் திரும்பவில்லை. அதன் வேலையைச் செய்யும் யுஎஸ்பி டிரைவ், கணினியின் தொடர் எண் எழுதிய உறையில் அவள் மேசை இழுப்பறையில் இருக்கிறது.