நுவரெலியாவில் வாங்கிய குளிர் உடுப்பு, அலாஸ்கா நாய்வண்டி ஓட்டத்தில்

தலவாக்கலையில் பிறந்து வளர்ந்தவளுக்குக் குளிர் புதிதில்லை. தை மாதப் பனி கொழுந்தைக் கருக்கிப் போடும் விடியற்காலைகளில் தோட்டப் பாடசாலைக்கு நடந்தே போய்ப் படிப்பித்தவள் நான். நடக்கிற உடம்பு தானாகச் சூடேறிவிடும். நின்று வேடிக்கை பார்க்கிற உடம்புக்கு அந்த உதவி கிடையாது. இந்த வித்தியாசத்தை எனக்குச் சொல்லித் தந்தது நுவரெலியா டவுனில் குளிர் உடுப்பு விற்கும் ஒரு சின்னக் கடை. அதனால்தான் அந்தக் கடையைப் பற்றி எழுதுகிறேன்.

மகள் அலாஸ்காவில், ஆங்கரேஜ் நகரத்தில் தாதியாக இருக்கிறாள். மார்ச் மாதம் வாருங்கள், இடிடராட் ஓட்டம் பார்க்கலாம் என்றாள். நாய்கள் பூட்டிய வண்டிகளைப் பனி மேல் ஓட்டிப் போகும் போட்டி அது. உடுப்பெல்லாம் இங்கேயே வாங்கலாம் என்றும் சொன்னாள். விலையைக் கேட்டதும் மறுநாளே நுவரெலியாவுக்கு பஸ் ஏறினேன்.

ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய ஜெக்கட்டுகளும் கம்பளி ஜெர்சிகளும் கூரை வரை தொங்கும் கடை அது. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியேதான் நிற்க வேண்டும். கடையில் இருந்த பிள்ளைக்கு இருபத்தைந்து வயதிருக்கும். விஷயத்தைச் சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அங்க நடப்பீங்களா, நிப்பீங்களா டீச்சர்?"

நிற்பேன் என்றேன். கையில் எடுத்த ஜெக்கட்டைத் திரும்ப மாட்டிவிட்டு, ஒரு அளவு பெரியதை இறக்கினாள். "உள்ளுக்கு ரெண்டு போடுவீங்க. மேல இருக்கிறது இறுக்கினா சூடு நிக்காது." உடம்போடு ஒட்டுகிற மெல்லிய உள்ளுடுப்பு, அதற்கு மேல் பஞ்சு போன்ற ஃபிளீஸ் சட்டை, கடைசியாகக் காற்றுப் புகாத ஜெக்கட் என்று வரிசையாகப் போட்டுக் காட்டினாள். ஜெக்கட் 7,500 ரூபா, ஃபிளீஸ் 2,200. காது மூடும் தொப்பியும் கம்பளிக் கையுறையும் சேர்த்து 1,300. மூலையில் சப்பாத்தும் இருந்தது. கேட்டதற்கு, "அது மழைக்குத்தான் டீச்சர், பனியில நிக்கச் சரிவராது" என்று சொல்லிவிட்டாள். விற்கிற சாமானை வேண்டாம் என்று சொல்கிற மனசு எனக்கு மிகவும் பிடித்தது.

அப்புறம் வேறொரு ஊரில், வேறொரு கடையில் சப்பாத்து வாங்கினேன். "ஐஸ் நாட்டுக்கே போடலாம்" என்று சொல்லி விற்றார்கள். அதை நம்பியது என் தவறு.

மார்ச் முதல் சனிக்கிழமை, ஆங்கரேஜின் நாலாம் அவெனியூ. நகரத் தெரு என்பதால் பனியை லொறியில் கொண்டுவந்து கொட்டிப் பரப்பியிருந்தார்கள். பார்க்கக் காசு இல்லை. பத்து மணிக்குத்தான் ஆரம்பம், ஆனாலும் எட்டரைக்கே போய்த் தடுப்புக் கம்பிக்குப் பக்கத்தில் இடம் பிடித்தோம். மகளின் கைபேசி −11 பாகை காட்டியது.

நாய்களைப் பார்த்ததும் முதலில் ஆச்சரியம். படங்களில் வருகிற சடை நாய்களை எதிர்பார்த்துப் போனேன். இவை மெலிந்து, கால் நீண்டு, எங்கள் லயத்து நாய்களுக்குத் தூரத்து உறவு மாதிரி இருந்தன. பல இனம் கலந்த ஓட்டக்கார நாய்கள். வண்டியில் பூட்டியதும் பாய்கின்றன, துள்ளுகின்றன, குரைப்பில் பக்கத்தில் நிற்கிறவர் பேச்சுக் கேட்காது. ஆட்கள் கயிற்றைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்து வைத்திருக்கிறார்கள். விட்ட கணத்தில் குரைப்பு நின்றுவிடுகிறது. பனியில் வண்டி உரசுகிற சத்தம் மட்டும்தான். இரண்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி இப்படிப் போகிறது. ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைத்தது.

1925இல் அலாஸ்காவின் நோம் என்ற ஊரில் தொண்டைக்கரப்பான் (டிப்தீரியா) பரவியபோது, மருந்தை 20 வண்டிக்காரர்கள் கைமாற்றிக் கைமாற்றி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், ஐந்தரை நாளில் கொண்டுபோய்ச் சேர்த்தார்களாம். இந்த ஓட்டம் 1973இலிருந்து அதே நோம் ஊர் வரை நடக்கிறது. மகள் இதைச் சொன்னபோது, கம்பளியில் தூளி கட்டி நோயாளியைச் சுமந்துகொண்டு மலையிறங்கிய எங்கள் தோட்டத்து ஆட்கள் நினைவுக்கு வந்தார்கள்.

சரி, உடுப்புக்கு வருகிறேன். கழுத்திலிருந்து முழங்கால் வரை ஒரு குறையும் இல்லை. காற்று வீசியபோதும் ஜெக்கட் அசையவில்லை. பெரிய அளவு வாங்கியது எவ்வளவு சரி என்று அங்கேதான் விளங்கியது. கம்பளிக் கையுறைக்குள் காற்று புகுந்தது. அதற்கு மேல் மகள் ஒரு தோல் உறை மாட்டிவிட்டாள். கையுறையை மட்டும் அங்கே போய் வாங்குங்கள்.

கால்தான் கைவிட்டது. அந்தச் சப்பாத்துக்குள் இரண்டு சோடி மேசு போட்டிருந்தேன். பாதம் இறுகி இரத்தம் ஓடவில்லை. சப்பாத்தின் மெல்லிய அடித்தோல் வழியாகப் பனி மேலே ஏறியது. பதினொரு மணிக்கு முன்பே விரல்கள் மரத்துவிட்டன. மகள் பயந்துபோய் ஒரு கோப்பிக் கடைக்குள் இழுத்துப் போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எட்டு ஒன்பது வண்டிகள் போயின, சரியாகப் பார்க்க முடியவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. ஓடுகிற நாய்களுக்குக்கூட விரலிடுக்கில் பனிக்கட்டி சேராமல் துணி உறை போடுகிறார்கள். ஒரு நாய்க்கு எட்டு உறை வைத்திருக்க வேண்டும் என்பது ஓட்டத்தின் சட்டம். கால் விஷயத்தில் அவ்வளவு கவனம்.

ஆங்கரேஜில் நடந்தது சம்பிரதாயத் தொடக்கம் மட்டும்தான். மறுநாள் உறைந்த வில்லோ ஏரியில்தான் உண்மையான ஓட்டம் தொடங்கியது. உள்ளே கெட்டிக் கம்பளி உறை வைத்த, இரண்டு அளவு பெரிய சப்பாத்தை மகளின் சிநேகிதி இரவல் தந்தாள். ஒரு சோடி மேசுதான் போட்டேன். நான்கு மணிநேரம் பனி மேல் நின்று கடைசி வண்டி மரங்களுக்குள் மறையும் வரை பார்த்தேன்.

ஊருக்கு வந்ததும் படங்களை எடுத்துக்கொண்டு நுவரெலியாக் கடைக்குப் போனேன். ஃபிளீஸின் சிப் இரண்டாவது வாரமே பல் விட்டிருந்தது, அதையும் சொன்னேன். முகம் சுளிக்காமல் வேறு சிப் வைத்துத் தைத்துத் தந்தாள், காசு வாங்கவில்லை. குறை என்றால் பில் தருவதில்லை, போட்டுப் பார்க்க மறைவிடமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், கூட்டத்தில் அவளால் ஆளுக்கேற்றபடி எடுத்துத் தர முடியாது. கிழமை நாளில் காலையில் போய், எந்த நாட்டுக்குப் போகிறீர்கள், அங்கே நடப்பீர்களா நிற்பீர்களா என்று அவளிடம் சொல்லுங்கள்.